வெட்டிவேரும் கரையானும்

2017 ஆகஸ்டு மாதம். மழை விட்டும் விடாமலும் தில்லி புழுங்கிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. தமிழ்ச் சங்கத்துப் பேச்சுப் போட்டியில் கலந்துகொள்ள மகள் பெயர் கொடுத்திருந்தாள். அவளுக்கு நாலு வரி எழுதிக் கொடுக்க அப்பாவின் புத்தகங்களில் ஏதாவது கிடைக்காதா என்று முன்னறை அலமாரியைத் திறந்தேன்.

என் அப்பா கும்பகோணம் பக்கத்தில் தமிழாசிரியராக இருந்தவர். அவர் காலமானபின் 2011இல் ஊர் வீட்டைக் காலி செய்தபோது, உடன்பிறந்தவர்கள் பாத்திரம் பண்டங்களைப் பிரித்துக்கொண்டார்கள். என் பங்குக்கு வந்தது இரண்டு டிரங்குப் பெட்டி நிறையப் புத்தகமும், அவர் கைப்பட எழுதிய ஏழு நோட்டுகளும். நடவு வயலில் பெண்கள் பாடியதையும், தொட்டில் பாட்டையும், ஒப்பாரியையும் வரப்பில் உட்கார்ந்து கேட்டு எழுதிய நோட்டுகள். ரயிலில் ஏற்றி, சுமைக்கூலி கொடுத்து, தில்லி வீட்டுக் கீழ்த்தளத்தில் சுவரோடு ஒட்டிய மர அலமாரியில் அடுக்கி வைத்தேன். அடுக்கி வைத்ததோடு சரி. ஆறு வருஷத்தில் எத்தனை முறை திறந்தேன் என்று கேட்டால், எண்ண ஒரு கை விரல்களே அதிகம்.

முன்னாலிருந்து பார்த்தபோது எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஒரு புத்தகத்தை இழுத்தேன். முதுகட்டை மட்டும் கையோடு வந்தது. உள்ளே காகிதம் இருக்க வேண்டிய இடத்தில் ஈர மண். வெள்ளை வெள்ளையாகப் பூச்சிகள் வெளிச்சம் பட்டதும் சிதறி ஓடின. கரையானின் குணமே அதுதான்: வெளித்தோலை விட்டுவிட்டு உள்ளே தின்னும். ஏழு நோட்டுகளில் மூன்று முழுவதும் போயின. நாலாவது பாதி. மிச்சம் மூன்று டிரங்குப் பெட்டியிலேயே தங்கிவிட்டதால் பிழைத்தன.

அன்று சமையல் நடக்கவில்லை. ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். மாடியில் இருக்கும் பஞ்சாபி அம்மாள், "தீமக்கா? மண்ணெண்ணெய் அடியுங்கள்" என்றார். தில்லியை மண்ணெண்ணெய் இல்லாத நகரம் என்று 2014லேயே அறிவித்துவிட்டார்கள், அதற்கு எங்கே போவது? என் மாமியார் தஞ்சாவூர்க்காரர். "நான் அப்பவே சொன்னேன், வசம்பு கட்டிப் போடு, வசம்பு கட்டிப் போடுன்னு. யார் கேட்டா?" என்றார். பெங்களூரில் படிக்கும் அண்ணன் மகனோ, "அத்தை, வெட்டிவேர் எண்ணெய் கரையானுக்கு ஆகாதாம். அமெரிக்காவில் ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க" என்று தொலைபேசியில் சொன்னான்.

வெட்டிவேர் என்றதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. கோடையில் பானைத் தண்ணீரில் போடுகிற நம் ஊர் வேர். ஆங்கிலத்தில் 'வெட்டிவர்' என்று சொல்வது நம் தமிழ்ச் சொல்லைத்தான். இங்கே வடக்கே அதற்குக் கஸ் என்று பெயர். மே மாதம் கூலருக்குக் கஸ் தட்டி கட்டாத வீடு ஒரு காலத்தில் தில்லியில் இருந்ததில்லை. பச்சை நிறச் சர்பத்தும் அதே பெயரில்தான். நம் பெயரைத் தாங்கிய வேர் நம் புத்தகத்தைக் காப்பாற்றினால் அதைவிட என்ன வேண்டும்?

மறுநாளே பழைய தில்லி தரீபா கலான் தெருவில் ஒரு அத்தர் கடைக்குப் போய்க் கஸ் எண்ணெய் ஒரு தோலா வாங்கினேன். விலையைக் கேட்டு என் கணவர் முகம் போன போக்கை இங்கே எழுத வேண்டாம். காரி பாவ்லியில் கிராம்பு எண்ணெய் வாங்கினேன். அலமாரியைக் காலி செய்து, துடைத்து, இரண்டையும் கலந்து மரத்தில் தடவி, சுவர் வெடிப்பில் பஞ்சால் ஒற்றி வைத்தேன். ஒரே வாரத்தில் சுவரிலிருந்த மண் குழாய் காய்ந்து உதிர்ந்தது. வீடு முழுக்க மணம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சங்கத்தில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன், இரண்டு பேருக்கு வாங்கியும் கொடுத்தேன்.

தீபாவளிக்கு வீடு துடைக்கும்போது, அலமாரியிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி, படுக்கையறைக் கதவு நிலையில் கட்டைவிரல் அமுங்கியது.

அன்றைக்குத்தான் விஷயம் தெரிந்தவரைத் தேடினேன். பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் பூச்சியியல் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் நம் சங்கத்து உறுப்பினர்தான். வந்து, ஒரு திருப்புளியின் பிடியால் நிலையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். பிறகு கதவைப் பற்றி ஒன்றும் பேசாமல் குளியலறை எங்கே என்று கேட்டார். முன்னறைச் சுவருக்குப் பின்னால்தான் குளியலறை. அங்கே ஒரு குழாய் இணைப்பு சொட்டுச் சொட்டாகக் கசிந்து, சுவரின் அடி எப்போதும் ஈரமாக இருந்திருக்கிறது.

"நீங்க எண்ணெய் தடவி முன்வாசலைச் சாத்திட்டீங்கம்மா. அது பக்கத்து வாசல் வழியா வந்துடுச்சு. வீடு அதுக்குக் கீழே மண்ணுக்குள்ள இருக்கு" என்றார்.

அவர் சொன்னதையும், அதற்குப் பிறகு நானாகத் தேடிப் படித்ததையும் நம் வாசகர்களுக்குச் சொல்லவே இந்தக் கட்டுரை. தாவர எண்ணெய்கள் ஏமாற்று வேலை அல்ல. ஆனால் அவற்றால் எது முடியும், எது முடியாது என்று தெரியாமல் வாங்கினால் என்னைப் போல இரண்டு செலவு செய்ய நேரும்.

முதலில் அமெரிக்க ஆராய்ச்சி. அது உண்மைதான். கிழக்கு ஆசியப் பக்கத்துக் கரையான் ஒன்று, இரண்டாம் உலகப் போரை ஒட்டிக் கப்பல் சரக்குகளோடு லூசியானா மாநிலத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஃபார்மோசா கரையான் என்று பெயர். நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பழைய மரவீடுகளை அது தின்று தீர்க்க ஆரம்பித்ததும் 1998இல் அமெரிக்க அரசே அதை ஒழிக்கத் திட்டம் போட்டது. அந்த ஊரில் துணி அலமாரியில் வெட்டிவேரை முடிந்து வைக்கும் பழக்கம் வெகுநாளாக உண்டு. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரெக் ஹெண்டர்சன் முதலானோர் வெட்டிவேர் எண்ணெயோடு கிராம்பு, தேவதாரு, யூகலிப்டஸ், எலுமிச்சைப்புல், ஜெரேனியம் போன்ற எண்ணெய்களையும் வைத்துப் பார்த்து, 2001இல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

கொல்லும் வேகத்தில் முதலிடம் கிராம்பு எண்ணெய்க்கு. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 50 மைக்ரோகிராம் தடவினாலே இரண்டு நாளில் அத்தனை கரையானும் செத்தன. நம் பல்வலிக்குப் பஞ்சில் நனைத்து வைக்கிறோமே, அதே யூஜினால்தான் வேலை செய்கிறது. ஆனால் விரட்டும் சக்தி நெடுநாள் நிற்பதில் வெட்டிவேரை எதுவும் மிஞ்சவில்லை. ஒரு கிராம் மணலுக்கு 5 மைக்ரோகிராம் கலந்தாலே அந்த மணலில் கரையான் வளை தோண்டுவது குறைந்துவிட்டது. அந்த எண்ணெயில் உள்ள நூட்கடோன் என்ற பொருளும் இதில் வல்லது. பம்பளிமாசு இனத்தைச் சேர்ந்த கிரேப்ஃப்ரூட் பழத்துக்கு மணம் தருவதும் அதுவே. உண்ணிக்கும் கொசுவுக்கும் எதிராகப் பயன்படுத்த 2020இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை நூட்கடோனைப் பதிவு செய்து அனுமதித்தது.

ஏன் சில எண்ணெய் நிற்கிறது, சில பறந்துவிடுகிறது? கற்பூரம், புதினா, யூகலிப்டஸ், ஆரஞ்சுத் தோல் எண்ணெய் எல்லாம் இலேசான மூலக்கூறுகள். மூக்கைச் சட்டென்று தாக்கும், சட்டென்று காற்றோடு போய்விடும். வெட்டிவேர், தேவதாரு, சந்தனம் போன்றவை கனமானவை. மெதுவாகத்தான் ஆவியாகும். புடவைப் பெட்டியில் வைத்த வெட்டிவேர் அடுத்த வருஷமும் மணப்பதற்கு இதுவே காரணம். ஆனாலும் நிற்பது என்றால் என்றென்றைக்கும் அல்ல. தில்லி ஜூன் வெயிலில் சுவரே தோசைக்கல் போலக் கொதிக்கும்போது எந்த எண்ணெயும் எத்தனை நாள் தாங்கும்?

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. லூசியானாக் கரையானும் நம் வீட்டுக் கரையானும் ஒன்றல்ல. அந்த இனத்தின் வயிற்றில் மரத்தைச் செரிக்க உதவும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நூட்கடோன் அந்த உயிர்களையும் குறைத்துவிடுகிறது என்று கண்டார்கள். ஆனால் வட இந்தியச் சமவெளியில் புற்று வைக்கும் ஒடன்டோடெர்மிஸ் இனத்துக்கு அந்த நுண்ணுயிர்களே கிடையாது. அது மண்ணுக்கடியில் தோட்டம் போட்டுக் காளான் பயிர் செய்கிறது. கடித்துக் கொண்டுபோன மரத்தையும் காகிதத்தையும் எருவாக்கி, அதில் பூஞ்சை வளர்த்து, அதைத் தின்கிறது. ஊரில் மழைக்குப்பின் புற்றுக்காளான் பறித்துக் குழம்பு வைப்போமே, அது இந்தத் தோட்டத்தின் உபரி விளைச்சல்தான். என் அப்பாவின் நோட்டும் அப்படி எங்கோ பூமிக்கடியில் காளானுக்கு எருவாகியிருக்கும்.

எண்ணெயிலும் வித்தியாசம் உண்டு. வடக்கே காடாக வளர்ந்து பூத்துக் காய்க்கும் கஸ் வேறு, தெற்கே பயிரிடும் விதையற்ற வெட்டிவேர் வேறு. செடி ஒரே இனமானாலும் இரண்டு எண்ணெயின் சேர்மானமும் ஒன்றல்ல. ஆகையால் 'அமெரிக்காவில் நிரூபிக்கப்பட்டது' என்று புட்டியில் போட்டிருந்தால் எந்த வேர், எந்தக் கரையான் என்று கேட்க வேண்டும்.

2018இல் ஒரு கல்யாணத்துக்கு லக்னோ போய்த் திரும்பும்போது வழியில் கன்னோஜில் இறங்கினோம். அத்தருக்குப் பேர்போன ஊர். மத்திய அரசின் நறுமண, சுவை மேம்பாட்டு மையமும் 1991 முதல் அங்கே இருக்கிறது. ஒரு பட்டறையில் வேர் காய்ச்சுவதைப் பார்த்தோம். டேக் என்கிற பெரிய தாமிர அண்டாவில் வேரையும் தண்ணீரையும் போட்டு, மூடியைச் சுற்றிக் களிமண் பூசி அடைத்து, அடியில் விறகு எரிக்கிறார்கள். மூங்கில் குழாய் வழியாக ஆவி போய், தண்ணீர்த் தொட்டியில் அமிழ்ந்திருக்கும் பப்கா என்ற குடத்தில் குளிர்ந்து இறங்குகிறது. தாமிரம் பட்டு எண்ணெய் பச்சையாக இருக்கிறது. மல்லிகை போல உடனே இறங்கிவிடாது, வேர் முரண்டு பிடிக்கும், மணிக்கணக்கில் காய்ச்ச வேண்டும் என்றார் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

அங்கேதான் தெரிந்தது, நான் தரீபாவில் வாங்கியது சுத்த எண்ணெயே இல்லை என்று. வேரிலிருந்து நேராக இறக்கியதற்கு ரூஹ் கஸ் என்று பெயர். கஸ் அத்தர் என்று விற்பது வேறோர் எண்ணெயில் மணத்தை ஏற்றியது. முன்பு சந்தன எண்ணெயில் ஏற்றினார்கள். சந்தனம் விலை ஏறியபின் பாரஃபின் போன்றவற்றில் ஏற்றுகிறார்கள். குறை கடைக்காரரிடம் இல்லை, கேட்கத் தெரியாமல் வாங்கிய என்னிடம்தான். அப்படியானால் சுவர்க் குழாய் காய்ந்தது கிராம்பு எண்ணெயின் உபயமாகத்தான் இருக்க வேண்டும்.

சரி, எண்ணெய்க்கு வேலையே இல்லையா? உண்டு.

கரையானை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். சுவரில் மண் குழாய் ஏறி வந்தால் அது மண்ணில் குடியிருக்கும் இனம். தில்லி, கான்பூர், நாக்பூர் வீடுகளில் பெரும்பாலும் இதுதான். ராணி தினம் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுக்கொண்டு நம் கைக்கு எட்டாத ஆழத்தில் இருக்கும். இங்கே எண்ணெய் வேலிதான், மருந்து அல்ல. வேலியில் ஓட்டை இருந்தால் சுற்றி வரும். இரண்டாவது, மண் சம்பந்தமே இல்லாமல் மரத்துக்குள்ளேயே குடும்பம் நடத்தும் உலர்மரக் கரையான். மும்பை, கொச்சி, சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் அதிகம். மண் குழாய் இருக்காது, கட்டிலுக்கடியில் கசகசா போலப் பொடிமணி கொட்டிக் கிடக்கும். மும்பையில் என் நாத்தனார் வீட்டு ஊஞ்சல் பலகையில் இதுதான் வந்தது. இந்தக் குடித்தனம் மொத்தமும் அந்த மரத்துக்குள்ளேயே இருப்பதால் எண்ணெய்க்கு வாய்ப்பு அதிகம். கலிபோர்னியாவில் ஆரஞ்சுத் தோல் எண்ணெயை மரத்தில் துளை போட்டுச் செலுத்தும் முறை இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன் சாரம் லிமோனீன். ஊசி போட்ட இடத்தில் கொல்லும். போடாத இடத்தில் இருப்பது தப்பிக்கும். ஊஞ்சல் பலகைக்குச் சரி, மொத்தக் கூரைக்கும் சரிப்படாது. மெருகைக் கரைக்கும், எளிதில் தீப்பிடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மூன்றாவதாக மழைக்காலத்தில் விளக்கைச் சுற்றும் ஈசல். இதுவும் கரையானேதான், இறக்கை முளைத்துக் கல்யாணத்துக்குக் கிளம்பியது. ஊரில் வறுத்துப் பொரியோடு தின்ற ஞாபகம் பலருக்கு இருக்கும். வெளியிலிருந்து வந்தால் கவலை இல்லை. உங்கள் வீட்டுச் சுவரிலிருந்தோ கதவு நிலையிலிருந்தோ கிளம்பினால் உள்ளே பல வருஷக் குடும்பம் இருக்கிறது என்று அர்த்தம்.

புத்தகம், துணி, கொலுப்பெட்டி ஆகிய சின்ன இடங்களுக்கு நம் பெரியவர்களின் முறை இன்றும் பொருந்தும். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், பட்டை, மிளகு, கிராம்பு ஆகியவற்றைப் பொடித்து, கொஞ்சம் கற்பூரம் சேர்த்து, மெல்லிய துணியில் முடிந்து சுவடிகளுக்கு நடுவே வைப்பது வழக்கம். ஓலைச்சுவடியைத் துடைக்க எலுமிச்சைப்புல் எண்ணெயும் பயன்படும். பூச்சி அண்டாது என்பதோடு, காய்ந்த ஓலை நெகிழ்ந்தும் கொடுக்கும். ஆனால் ஓலைக்குச் செய்வதைக் காகிதத்துக்குச் செய்துவிடாதீர்கள். எண்ணெய் பட்ட தாள் கறைபட்டு, நாளடைவில் பழுப்பேறும். நானே ஒரு புத்தகத்தை அப்படிக் கெடுத்தேன். எண்ணெயை அலமாரிப் பலகையின் அடிப்பக்கத்திலும் கால்களிலும் மட்டும் தடவுங்கள். புத்தகத்தின் அருகில் பொட்டலம் மட்டும் போதும்.

வசம்பு இதில் முக்கியமானது. அதன் எண்ணெயில் உள்ள அசரோன் பூச்சிகளின் இனப்பெருக்கத்தையே கெடுக்கும். ராத்திரியில் பெயர் சொல்லக் கூடாது என்று 'பேர் சொல்லாதது' என்பார் என் மாமியார். காரி பாவ்லியில் பேர் சொல்லாமல் கேட்டால் ஒன்றும் கிடைக்காது. அங்கே 'பச்' என்று கேளுங்கள். கருஞ்சீரகம் கலோஞ்சி. பட்டை தால்சீனி. கிராம்புக்கு லவங்க். இங்கே ஒரு குழப்பம் வரும்: நம்மில் சிலர் பட்டையையும் இலவங்கம் என்போம், கடைக்காரர் கிராம்பை அள்ளிக் கட்டிவிடுவார். கற்பூரம் இப்போது கிடைப்பதில் பெரும்பகுதி டர்பன்டைனிலிருந்து தொழிற்சாலையில் செய்வது. மணம் அதேதான். எந்தக் கற்பூரமானாலும் சீக்கிரம் கரைந்துவிடும். பொட்டலத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

பாச்சை உருண்டையை நம்புகிறவர்களுக்கு ஒரு வேடிக்கைச் செய்தி. ஃபார்மோசா கரையான் தன் கூட்டுக்குள் நாப்தலீனைத் தானே வைத்திருக்கிறது என்று 1998இல் நேச்சர் ஆய்விதழில் எழுதினார்கள். எறும்பு, பூஞ்சை வராமல் இருக்க அது வீட்டுக்கே புகை போட்டுக்கொள்கிறதாம். அதனிடம் போய் நாம் பாச்சை உருண்டை காட்டுகிறோம்!

வேப்பெண்ணெய் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அது பிழிந்தெடுத்த எண்ணெய், ஆவியாகிற வாசனை எண்ணெய் அல்ல. கரையானின் பசியைக் கெடுக்கும், உடனே கொல்லாது. செடித் தொட்டிக்கு நல்லது. வீட்டுக்குள் அந்த வாசனையோடு குடியிருக்க முடியுமா என்பது அவரவர் பொறுமை.

மரத்தின் எண்ணெயே அதற்குக் கவசம் என்பதையும் சொல்லவேண்டும். பழைய தில்லி வீடுகளில் தேவதாருக் கதவுகள் நின்றதும், ஊரில் நம் தேக்குத் தூண்கள் நின்றதும் அதனால்தான். ஆனால் கவசம் இருப்பது வைரம் பாய்ந்த நடுமரத்தில் மட்டுமே. வெளுத்த ஓர மரத்தைக் கரையான் தயங்காமல் தின்னும். தேக்கு என்று சொல்லித் தச்சர் கொண்டுவரும் பலகையில் வைரம் எவ்வளவு, வெளிறு எவ்வளவு என்று திருப்பிப் பார்த்து வாங்குங்கள். மரத்தூளை ஒட்டிச் செய்த பலகைக்கு எந்தக் கவசமும் இல்லை.

வீட்டை மொத்தமாக அரிக்கத் தொடங்கிவிட்டால் மண்ணுக்கு வைத்தியம் செய்தே ஆகவேண்டும். முன்பு ஆல்டிரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் என்று கொடிய மருந்துகளை ஊற்றினார்கள். அவை 1996இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டன. பிறகு பரவலாக வந்த குளோர்பைரிபாசும் 2025இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில், சில விலக்குகளோடு, சேர்ந்துவிட்டது. ஆகவே வருகிற ஆளிடம் மருந்தின் பெயர் கேட்பது நம் கடமை. கட்டி முடித்த வீட்டுக்கு எப்படிச் செய்ய வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 6313, மூன்றாம் பாகம் சொல்கிறது: சுவரும் தரையும் சேருமிடத்தில் ஓரடிக்கு ஒரு துளையாக அரை அங்குல அளவில் போட்டு மருந்தை இறக்கி அடைக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு முதலில் வந்த ஒருவர் 'ஹெர்பல்' என்றார், 'பத்து வருஷம் காரண்டி' என்றார். என்ன மூலிகை என்றேன். சிரித்தார். எத்தனை துளை என்றேன். துளையே வேண்டாம், மேலே தெளித்தால் போதும் என்றார். மோர் கொடுத்து அனுப்பிவிட்டோம்.

எல்லாவற்றுக்கும் முதலில் அந்தக் குளியலறைக் குழாயைச் சரிசெய்தோம். 600 ரூபாய் ஆயிற்று. ஒரு தோலா கஸ் எண்ணெயில் அது எத்தனை பங்கு என்று என் கணவர் இன்றும் கணக்கு சொல்வார். அதன்பின் வேறு ஆளை வைத்து முறைப்படி துளை போட்டு மருந்து இறக்கினோம். அலமாரியை நாலு விரற்கடை சுவரிலிருந்து தள்ளி, இரும்புக் கால்களின் மேல் நிறுத்தினோம். கட்டிலுக்கடியில் இருந்த அட்டைப் பெட்டிகளைக் கபாடிக்காரரிடம் போட்டோம். கரையான் ஏறிய புத்தகங்களை வெயிலில் போடாமல் நிழலில் விரித்துக் காயவைத்து, மெல்லிய பிரஷ்ஷால் தட்டினோம். மண்ணும் ஈரமும் போனால் இந்த இனம் தானே காய்ந்து செத்துவிடும்.

குழந்தைகள் உள்ள வீட்டில் ஒரு எச்சரிக்கை. செடியிலிருந்து வந்ததுதானே என்று எண்ணெய்ப் புட்டியைத் திறந்து வைக்காதீர்கள். யூகலிப்டஸ் எண்ணெயோ கற்பூரமோ கொஞ்சம் வயிற்றில் போனாலும் சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரும். கிராம்பு எண்ணெய் தோலை எரிக்கும். பூனை வளர்ப்பவர்கள் இந்த எண்ணெய்களை அது படுக்கும் இடத்தில் தடவவே வேண்டாம்.

இப்போது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அலமாரியைக் காலி செய்து அடுக்குகிறோம். டார்ச் அடித்துச் சுவரைப் பார்ப்பது என் கணவர் வேலை. பொட்டலம் கட்டுவதை மாமியார் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. மிஞ்சிய மூன்றரை நோட்டை மகள் கைபேசியில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைத்திருக்கிறாள். அப்பாவின் கையெழுத்தில் 'ழ'வும் 'மு'வும் ஒன்றுபோலத் தெரியும். அவள் எழுத்துக் கூட்டி, சந்தேகம் வந்தால் பாட்டியிடம் ஓடுகிறாள். நாலாவது நோட்டில் ஒரு தாலாட்டு பாதியில் நிற்கிறது. அதன் மிச்ச வரிகள் மாமியாருக்குத் தெரியவில்லை, "எங்க பக்கத்துல வேற மாதிரி பாடுவாங்க" என்கிறார். கும்பகோணம் பக்கத்துக்காரர்கள் யாராவது இருந்தால் சங்கத்தில் என்னைப் பார்த்தபோது சொல்லுங்கள், அந்த நோட்டைக் கொண்டுவந்து காட்டுகிறேன்.